எஸ்தர் அக்காவின் வியாழக்கிழமை அறை

எஸ்தர் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் அறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, லோடுஷெடிங், செட் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகள் வார்டு ஆயா உள்தொலைபேசியில் கூப்பிட்டு, "எஸ்தர்தி ஆர் நேய்" என்றிருக்கிறாள். எஸ்தர் அக்கா இனி இல்லை. இரைச்சலில் எனக்குக் காதில் விழவில்லை. "ஜோரே போலுன்!" என்று எரிந்து விழுந்தேன். அவள் மறுபடி சொன்னாள். சத்தமாகச் சொல்லத் தெரியாதா என்று நானும் மறுபடி கத்தினேன். கடைசியில் அவளும் கத்தித்தான் சொன்னாள். அழுதுகொண்டிருந்த ஒரு பெண், வார்டு நடுவில் நின்று ஒரு சாவுச் செய்தியைக் கூவிச் சொல்ல வேண்டியதாயிற்று. எஸ்தர் அக்கா பக்கத்தில் இருந்திருந்தால், "வெளிய வந்து பேசுனா உன் கிரீடம் கீழ விழுந்துருமோ?" என்று கேட்டிருப்பார்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மாடி வீடு அவருக்கு. காலை ஆராதனை முடிந்து வந்தவர், மூச்சு வாங்குகிறது என்று பாதிப் படியில் உட்கார்ந்திருக்கிறார். கீழ்வீட்டு பௌதி, அந்த வங்காளி அம்மாள், தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. இருதயம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் என்னை மறித்தார். ஆஸ்பத்திரியில் மின்சார வேலை பார்ப்பவன் நான், அதனால் அவருக்கு நான் கரண்ட்டு.

"ஏய் கரண்ட்டு, வர்ற வியாழக்கிழமை என் ரூமுக்கு வருதியா? புதுசா ரெண்டு குடும்பம் வாராவ."

"செட்டுக்கு ஆயில் மாத்தணும்க்கா."

"சரி, செட்டு தீர்க்காயுசா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நான் பொய் சொல்லவில்லை. ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அதை வேறு எந்தக் கிழமையும் மாற்றலாம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நம் தமிழ்ச் சங்க மலருக்கு எழுதச் சொன்னபோது, எனக்குக் கட்டுரை வராது, ரிப்போர்ட்தான் வரும் என்றேன். அதையே எழுது என்றார்கள். சங்கத்தில் பழகியவர்களுக்கு ஓர் எஸ்தர் அக்காவைத் தெரியும். பொங்கல் விழாவில் நெய் போதாது என்று சமையல்காரரோடு மல்லுக்கு நிற்பவர். கேரம் போர்டில் காயைச் சுண்டுவிரலால் நகர்த்திவிட்டு, "காத்துல நகந்துருச்சு" என்று சாதிப்பவர். ஆஸ்பத்திரியில் அவர் என்ன செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் பேசமாட்டீர்கள். வீட்டில் ஒரு குழந்தை போயிருந்தால்தான் அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பாளையங்கோட்டைக்காரர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை என்று கல்கத்தா வந்தவர். கணவர் காலமான பிறகும் ஊருக்குத் திரும்பவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் வேலை. ஏழைகளுக்கு மருந்து இலவசமாகக் கிடைக்கச் சிபாரிசு செய்வது, துணைக்கு ஆள் இல்லாத நோயாளியின் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவது, இவைதான் அவருக்கு நிர்வாகம் கொடுத்த வேலைகள். வியாழக்கிழமை அறை அவராகச் சேர்த்துக்கொண்டது. துணிக் கிடங்கை ஒட்டிய ஒரு சின்ன அறை. நீள பெஞ்சு ஒன்று, நாற்காலி இரண்டு, ஒரு மண்கூஜா. வார்டில் குழந்தை இறந்து, அழுது, உடலை வாங்கிக்கொண்டு போகும் பெற்றோரிடம், "வியாழக்கிழமை மத்தியானம் வாங்க" என்பார். எதற்கு என்று சொல்லமாட்டார். பாதிப்பேர் வரமாட்டார்கள். வந்தவர்கள் திரும்பவும் வருவார்கள்.

ஆஸ்பத்திரி வேலை சாவோடு முடிந்துவிடுகிறதே, பிறகு எதற்கு இவர்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று சூப்பரின்டென்டன்ட் ஒரு முறை கேட்டார். "பிள்ளைக்கு முடிஞ்சுது சார். இவங்களுக்கு இப்பதான் அட்மிஷன்" என்றார் அக்கா.

நம்மில் பெரியவர் ஒருவர் போனால் பதினாறு நாள் வீடு கொள்ளாமல் ஆள் இருக்கும். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு சடங்கு, செய்ய ஒரு வேலை, திட்ட ஒரு பங்காளி. சின்னக் குழந்தை போனால் புதைத்துவிட்டு வந்து குளிப்பதோடு சரி. சடங்கு இல்லை, அதனால் ஆளும் இல்லை. அதிலும் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். தந்தி போய்ச் சேர்ந்து பதில் வருவதற்குள் குழந்தையின் அப்பன் டூட்டிக்குத் திரும்பியிருப்பான். "பெரிய மனுசன் செத்தா ஊரே கூடி அழுவும். பச்சப்பிள்ளை செத்தா, அடுத்தது பொறக்கும்னு சொல்லிட்டுப் போயிருவாவ" என்பார் அக்கா. அவர் அறையில் யாரும் சொல்லக்கூடாத வாக்கியம் அதுதான். ஒரு முறை ஒரு மாமனார் சொல்லப் பார்த்தார். அக்கா அவர் கையில் கூஜாவைக் கொடுத்துத் தண்ணீர் பிடித்துவர அனுப்பிவிட்டார்.

எனக்கு அந்த அறையைப் பிடிக்காது. பழுதைச் சரிசெய்யப் படித்தவன் நான். சரிசெய்யவே முடியாத ஒன்றுக்கு ஓர் அறை, ஒரு விசிறி, இரண்டு விளக்கு என்ன கணக்கு என்று நினைப்பேன். அதைச் சொல்லவும் செய்தேன்.

ஹௌராப் பக்கத்துச் சணல் ஆலைத் தொழிலாளி ஒருவர் விடாமல் வருவார். வந்ததும் பெஞ்சில் சாய்ந்து தூங்கிவிடுவார். குறட்டை துணிக் கிடங்கு வரை கேட்கும். "அக்கா, இது தர்மசத்திரமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சத்தம் போடாத. வீட்டுல அவரு கண்ணை மூடுனா, பிள்ளை போயி உனக்குத் தூக்கம் வேற வருதான்னு பொண்டாட்டி பாக்காளாம். அவ வாயத் தொறந்து கேக்கல. இவருக்கு அப்படித் தோணுது. அதான் பஸ் ஏறி இங்க வந்து தூங்குதாரு."

தூங்கினால் குற்றம், சாப்பிட்டால் குற்றம், பக்கத்து வீட்டு ரேடியோவுக்குத் தன்னையறியாமல் தாளம் போட்டுவிட்டால் குற்றம். அந்த அறைக்கு வந்தவர்கள் எல்லாரும் இப்படி ஏதோ ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டுதான் வந்தார்கள். முந்தின நாளே கொண்டுவந்திருந்தால்? அந்தக் கஷாயத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால்? கேள்வியை அக்காவிடம் கேட்பார்கள். அக்கா திருநெல்வேலி ராகத்தில், "ஆமி ஜானி நா" என்பார். எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்து அவர் திருத்தமாகக் கற்ற வங்காளம் அவ்வளவுதான் என்று டாக்டர்கள் கேலி செய்வார்கள். எனக்கோ கோபம் வரும். தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டியதுதானே? உனக்குப் பிள்ளை உண்டா என்று ஒரு தாய் ஆத்திரத்தில் கேட்டபோதும் அக்கா, "கிடையாதும்மா. அதான் உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுன்னு நான் சொல்லதில்ல" என்றார். அதை ஒரு வங்காளி நர்ஸ் மொழிபெயர்த்தாள். அந்தத் தாய் அதன்பிறகுதான் உட்கார்ந்தாள்.

இனி எழுத வேண்டியது எனக்குக் கஷ்டமானது. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெயர்களை மட்டும் மாற்றுகிறேன். சேதுராமன் என்றும் வசந்தா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் துறைமுகக் கிடங்கில் வேலை பார்ப்பவர், திருச்சிப் பக்கம். கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். ஒரே பெண் குழந்தை, நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. மழைக்காலம். காய்ச்சலும் இருமலுமாய் இருந்த குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது சேதுராமன் ஷிப்டில் இருந்தார். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். வசந்தாவுக்கு வங்காளம் தெரியாது. இந்தியும் தெரியாது. தனியாக பஸ் ஏறியதில்லை. கணவன் வரட்டும் என்று காத்திருந்தாள். அவர் வந்து, தண்ணீரில் ரிக்ஷா பிடித்து, எங்கள் வார்டில் சேர்த்தபோது இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருந்தது. ஆக்ஸிஜன் வைத்தார்கள். மறுநாள் விளக்கேற்றும் நேரத்தில் கரண்ட் போயிற்று. அந்த இருட்டில் குழந்தை இறந்தது.

சில வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். அறையில் விசிறி ரெகுலேட்டர் பழுது. நான் சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "அப்புறமா வா தம்பி" என்றார் அக்கா. "பத்து நிமிஷம்க்கா, முடிஞ்சுது" என்றேன். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையில் எனக்கு இவ்வளவு இடம் இருந்திருக்காது. அக்காவை வார்டிலிருந்து யாரோ அவசரமாகக் கூப்பிட்டார்கள். "இப்ப வந்துருதேன், உக்காந்திருங்க" என்று போனார். வசந்தா பெஞ்சு ஓரத்தில் தலை குனிந்திருந்தாள். சேதுராமன் என்னைப் பார்த்தார்.

"தமிழா சார்?"

"ஆமா."

"கரண்ட் வேலையா?"

"ஆமா சார். எலக்ட்ரிகல் சூப்பர்வைசர்."

"அன்னைக்கு கரண்ட் போச்சு சார். கரண்டும் போச்சு, எம்பொண்ணும் போச்சு. ரெண்டும் ஒண்ணாப் போச்சு. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி வச்சிருக்கீங்க, ஒரு குழந்தைக்குக் காத்து குடுக்க உங்களுக்கு வக்கில்ல. கரண்ட் போனதுல ஆக்ஸிஜன் நின்னுருச்சு. கொன்னுட்டீங்க சார்."

என் இலாகாவைச் சொல்கிறார் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஏறியது.

"சார், தெரியாம பேசாதீங்க. ஆக்ஸிஜன் சிலிண்டர்ல இருந்து வருது. அழுத்தத்துல தானா வரும். அதுக்குக் கரண்டே வேண்டாம்."

"சும்மா சொல்லாதீங்க."

"வாங்க, காட்டுறேன்."

கூட்டிக்கொண்டு போனேன். வார்டு வாசலில் காலியாக இருந்த ஒரு கட்டிலின் பக்கத்தில் சிலிண்டர் இருந்தது. சுவரிலிருந்த சுவிட்சையெல்லாம் அணைத்துக் காட்டினேன். பிறகு சிலிண்டர் வால்வைத் திறந்தேன். காற்றின் ஓட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு மேலே ஏறியது. குழாயின் முனையை அவர் காதருகே பிடித்தேன். "கேக்குதா? கரண்ட் இல்ல. காத்து வருது. கேக்குதா சார்?"

குழந்தையை இழந்த ஒரு தகப்பனை நிற்கவைத்து அந்தச் சீறலைக் கேட்கச் சொன்னேன். அவர் நன்றாகவே கேட்டார். முகத்தில் இருந்த கோபம் வடிந்து போயிற்று. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அவர் அறைக்குத் திரும்பினார். நான் திருப்புளியை எடுக்கப் பின்னாலேயே போனேன். அவர் வசந்தாவின் எதிரே நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அப்போ நீ ஏன் முந்தின நாளே கூட்டிட்டு வரல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வெளியே நடந்தார். அவள் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அக்கா திரும்பி வந்து நடந்ததைக் கேட்டார். நான் சொன்னேன். பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் என் குரல் இறங்கிவிட்டது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவரு கரண்ட்டைத் திட்டிட்டு இருந்தாரு தம்பி. கரண்ட்டுக்கு வலிக்காது. அதைப் போயிப் பிடுங்கிட்டியே."

"நான் சொன்னது உண்மைக்கா."

"பொய்ன்னு நான் சொன்னனா? பிள்ளை போனதுக்குக் காரணம்னு ஒண்ணு இருக்கும். தப்புன்னு ஒண்ணு இருக்கும். நீ ரெண்டையும் ஒரே வயர்ல கோத்து அந்தப் பொண்ணு கையில குடுத்துட்ட. அவரு அன்னைக்கு ஷிப்டுல இருந்தாரு. அதை அவருக்கு யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம், உள்ளுக்குள்ள அவரே சொல்லிக்கிட்டுதான் இருக்காரு. தாங்க முடியாமத்தான் கரண்ட்டு மேல இறக்கி வச்சாரு. இனி எங்க இறக்குவாரு, சொல்லு?"

உடனே போய் அவரிடம் பேசிச் சரிசெய்கிறேன் என்று கிளம்பினேன். "இரி" என்றார். "உன் அவசரத்துக்கு ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்."

அவர்கள் அதன்பிறகு வரவில்லை. அக்கா என்னை அழைத்துக்கொண்டு கார்டன் ரீச்சுக்குப் போனார். வாயைத் திறக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். கதவைத் திறந்த சேதுராமன் உள்ளே கூப்பிடவில்லை. நிலைப்படியில் நின்றபடியே பதில் சொன்னார். அவர் தோளுக்குப் பின்னால் அறை தெரிந்தது. உத்தரத்தில் தூளி அவிழ்க்கப்படாமல் தொங்கியது. அதற்கு நேர் கீழே, வெறும் சிமெண்டுத் தரையில் வசந்தா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "அவ யார்கிட்டயும் பேசுறதில்ல" என்றார். நீங்கள் பேசுகிறீர்களா என்று அக்கா கேட்டார். அவர் கதவைப் பாதி சாத்தினார். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள்தான் அக்காவைத் தனியே இழுத்து, அந்தப் பெண் சாப்பிடுவதில்லை, ஊருக்கு அனுப்பிவிடப் போவதாக அவர் சொல்கிறார் என்றாள். ஊருக்கு அனுப்பினால் திரும்பக் கூப்பிடமாட்டார் என்பது அவள் சொல்லாமலே எங்களுக்குப் புரிந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது நான் கேட்டேன். "நான் என்னக்கா செய்யணும்?"

"ஆமி ஜானி நா" என்றார். என்னைக் கேலி செய்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.

அடுத்த சில நாட்களில் சாயங்கால லோடுஷெடிங் ஒன்றின்போது வேறு வேலையாய்க் குழந்தைகள் வார்டில் மாட்டிக்கொண்டேன். வழக்கமாக அந்நேரம் நான் ஜெனரேட்டர் அறையில் இருப்பேன். வார்டு இருட்டில் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. எங்கள் செட்டின் மின்சாரம் முதலில் ஆபரேஷன் தியேட்டருக்கும் எக்ஸ்ரேவுக்கும் போகும். அது நிதானப்பட்ட பிறகுதான் குழந்தைகள் வார்டு சுவிட்சைப் போடுவோம். எனக்கு முன்னால் இருந்தவர் போட்ட வரிசை. நானும் அப்படியே வைத்திருந்தேன். அந்த இடைவெளியில் வார்டில் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. தாய்மார்கள் குழந்தையின் பெயரைச் சொல்லித் தடவிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு குழந்தைக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் பக்கத்திலிருந்த சிலிண்டரைப் பார்த்தேன். கண்ணாடிக் குழாய் இருக்கும் இடமே தெரியவில்லை. குண்டு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

சேதுராமனுக்கு நான் காட்டியது பகல் வெளிச்சத்தில் ஒரு சிலிண்டர் எப்படி வேலை செய்யும் என்பதை. அன்று சாயங்காலம் என்ன நடந்தது என்பதை அல்ல. அன்று நான் அங்கே இல்லை. அந்த இருட்டு மட்டும் என்னுடையது.

மறுநாள் அக்காவிடம் சொல்லாமல் கார்டன் ரீச் போனேன். சேதுராமன் சட்டையில்லாமல் வெளிவராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒரு டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"சார், அன்னைக்கு நான் உங்களுக்குக் காட்டினது தப்பு. சிலிண்டருக்குக் கரண்ட் வேண்டாம், அது நிஜம். ஆனா வார்டு இருட்டா இருந்தது. இருட்டுல யாருக்கும் எதுவும் தெரிஞ்சிருக்காது. வார்டுக்கு வெளிச்சம் குடுக்க வேண்டியது என் வேலை. கடைசியாக் குடுத்தேன். அந்த இருட்டுக்கு நான்தான் பொறுப்பு."

அவர் எழுந்தார். என் சட்டைக் காலரைப் பிடித்தார்.

"இதை ஏன்யா அன்னைக்கே சொல்லல? காத்து வருதான்னு என் காதுல வச்சியே, அப்ப ஏன்யா சொல்லல? படிச்சவன்தானே நீ?"

உலுக்கினார். தூணில் தலை இடித்தது. பக்கத்துக் கதவுகள் திறந்தன, "கீ ஹோலோ? கீ ஹோலோ?" என்று, என்ன ஆயிற்று என்று கேட்டபடி ஆட்கள் வந்தார்கள். என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. வழக்கமாக எனக்கு எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். அன்று அதை விழுங்கிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு வசந்தா வாசலுக்கு வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சார், அப்போ என் மேல தப்பு இல்லையா?"

சேதுராமனின் கை என் காலரில் அப்படியே நின்றது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. மொழி தெரியாத ஊரில், முழங்கால் தண்ணீரில், கையில் மூச்சிழுக்கும் குழந்தையோடு புருஷனுக்காகக் காத்திருந்தது தப்பா என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "உங்க மேல தப்பு இல்ல."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சேதுராமன் என் காலரை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "போய்யா. இந்தப் பக்கம் வராத" என்றார். நான் போய்விட்டேன். அந்த டிரங்குப் பெட்டி ஊருக்குப் போகவில்லை என்பது பின்னால் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு பாராட்டை எதிர்பார்த்திருக்க வேண்டும். அக்கா என் தலையில் இருந்த வீக்கத்தைப் பார்த்தார்.

"வலிக்கா?"

"ஆமாக்கா."

"ம். உனக்கு வலிக்கும்" என்றார். பிறகு, "அவருகிட்ட திருப்பி விளக்கம் சொல்லதுக்குப் போயிராத. உனக்கு அந்தப் புத்தி உண்டு" என்றார்.

அவர்கள் மறுபடி வியாழக்கிழமை வந்தார்கள். சேதுராமன் ஒரு நிபந்தனை போட்டார். அந்தக் கரண்ட் ஆள் அறையில் இருக்கக்கூடாது. அக்கா ஒப்புக்கொண்டார். அவர்கள் வரும் வியாழக்கிழமைகளில் நான் ஜெனரேட்டர் அறையை விட்டு வெளியே வருவதில்லை. முதலில் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. தப்பை ஒப்புக்கொண்டவனை மன்னிக்க வேண்டாமா என்று அக்காவிடமே நியாயம் கேட்டேன். "மன்னிச்சுட்டாருன்னா உனக்கு நல்லா இருக்கும். அவருக்கு?" என்றார். குழந்தைகள் வார்டை முதல் வரிசைக்கு மாற்றி வயர் இழுத்தோம். சூப்பரின்டென்டன்ட்டிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கியவர் அக்கா. அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். வேலையில் சேர்ந்த அன்றைக்கே செய்திருக்க வேண்டியது அது.

அக்காவை அடக்கம் செய்து வந்த வாரம், வியாழக்கிழமை மத்தியானம், அறை பூட்டியிருந்தது. அவர் சொன்ன இரண்டு புதுக் குடும்பங்களும் வந்து வராந்தாவில் நின்றார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எல்லாக் கதவுக்கும் எங்கள் இலாகாவில் சாவி உண்டு. திறந்துவிட்டேன். விசிறியைப் போட்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஓர் இளம் வங்காளித் தாய், பால் கட்டிய மார்பை முந்தானையால் அழுத்தி மறைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் நின்றுகொண்டே இருந்தான். "திதி கோத்தாய்?" என்றான். அக்கா எங்கே என்று கேட்கிறான். அக்கா வரச்சொன்ன வியாழக்கிழமை இது. ஆயில் மாற்ற வேண்டும் என்று நான் சொன்ன வியாழக்கிழமையும் இதுதான்.

அப்போது வசந்தா உள்ளே வந்தாள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கூஜாவைத் தூக்கிப் பார்த்தாள், காலியாயிருந்தது. வெளியே போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து வைத்தாள். பிறகு அந்த வங்காளிப் பெண்ணின் பக்கத்தில், தோள் படுகிற மாதிரி உட்கார்ந்து, உடைந்த வங்காளத்தில், "நாம் கீ சிலோ?" என்று கேட்டாள். குழந்தையின் பெயர் என்ன?

வாசலில் சேதுராமன் நின்றிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். இத்தனை நாளில் அந்தப் பார்வையில் ஒரு இழை குறைந்திருக்கவில்லை.

"வெளிய போ" என்றார்.

போனேன். நான் கடந்து போகும்வரை சுவரோரம் ஒதுங்கி நின்றவர், பிறகு உள்ளே போய் அந்த வங்காளிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

எஸ்தர் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மனிதரின் கோபம். வசந்தா இதைப் படிக்கக்கூடும் என்று தெரிந்தே எழுதுகிறேன். அம்மா, அன்று வாசலில் சொன்னதையே அச்சிலும் சொல்கிறேன், உங்கள் மேல் தப்பு இல்லை. உங்கள் கணவரின் கோபம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என்னிடம் இருக்கிறவரை அது உங்கள் வீட்டுக்குள் வராது.